சல்லடை அக்காவும் அந்தச் சின்னக் கட்டமும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், ஒரு தடவை சல்லடையில் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் எங்கள் சல்லடை அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், இதில் துளிகூட மிகை கிடையாது. கேரள மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் ஏழு வருஷம் அவரோடு குப்பை கொட்டியவன் நான்.

ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பறித்து வந்த பச்சைக் காயைக் காயவைத்து, சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி ஏலத்துக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே எனக்கு ரைட்டர் உத்தியோகம். அதையும் எழுத்தாளன் என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டைக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிறவனுக்கு எங்கள் மலையில் அதுதான் பெயர். அக்காவுக்கும் ஒரு சொந்தப் பெயர் உண்டு. தினமும் ஆஜர் நோட்டில் அதை எழுதியவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சல்லடையில் எட்டு எம்.எம். ஓட்டையில் விழாமல் நிற்கிற காய்தான் ராஜா. அதற்கு அடுத்தது ஏழு, அதற்கும் கீழே ஆறு. மற்ற பெண்கள் சல்லடையை ஆட்டி ஆட்டித் தோள் கழன்று போவார்கள். அக்கா ஒரு கைப்பிடி அள்ளி மேலே வீசிப் பிடிப்பார். "ஏழு. நடுவுல கொஞ்சம் ஆறு திருட்டுத்தனமா நொழஞ்சிருக்கு" என்பார். சலித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். இந்தத் திறமையை ஸ்டோர் வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. அவர் விட மாட்டாரே!

டீக்கடைக்குப் போனால் வடையை உள்ளங்கையில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். "முந்தாநாத்து வடை ஏழு எம்.எம். இருந்துச்சு, இன்னிக்கு ஆறாப் போச்சே, என்ன விசயம்?" என்று கடைக்காரரை விசாரிப்பார். அந்த மனிதர் அக்கா வருகிற நேரம் பார்த்து வடைத் தட்டை உள்ளே எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார்.

அக்காவின் தங்கை மகளைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஆறடி உயரம், கட்டை மீசை, கூலிங் கிளாஸ். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, தங்கை ஆசையாகக் கேட்டார்:

"எப்புடிக்கா இருக்காரு மாப்ள?"

"சைஸ் எட்டு. லிட்டர் வெயிட் இல்ல."

ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி நிறுத்துப் பார்ப்பதுதான் லிட்டர் வெயிட். காய் பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும். உள்ளே கறுப்பு விதை இருக்காது. அந்த விதையை நாங்கள் அரிசி என்போம். அரிசி இல்லாத காய் படியில் நிற்குமே தவிர தராசில் நிற்காது. சம்பந்தம் அன்றைக்கே முறிந்துபோனது. மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் விஷயம் விளங்கவில்லை. பத்துக்கு எட்டு மார்க் வாங்கிவிட்டதாக நினைத்து, சந்தோஷமாக இன்னொரு டம்ளர் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் மேனேஜர் கோட்டயத்துக்காரர். அவரையும் அக்கா விட்டு வைக்கவில்லை. "ஏழு எம்.எம்.தான், ஆனா வெடிச்ச காய்." வாயைத் திறந்தால் உள்ளே இருக்கிற ரகசியமெல்லாம் கொட்டிவிடும் என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே, "சரியா சேச்சி, சரியா" என்று ஒப்புக்கொண்டு, அன்று சாயங்காலமே முதலாளி வீட்டு ரகசியம் ஒன்றைக் கொட்டினார்.

எனக்கு என்ன கிரேடு என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஒவ்வொரு ஓணத்துக்கும் போனஸ் கவர் கொடுக்கும்போது, "நான் எத்தனைக்கா?" என்று கேட்பேன். ஏழு வருஷமும் ஒரே பதில்தான்.

"நீங்க இன்னும் காயல ரைட்டரே. பச்சையச் சல்லடைல போடக் கூடாது."

கடைசியாகக் கேட்டபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. இன்னும் எவ்வளவுதான் காய்வது?

முதலாளியிடமும் அக்காவின் நீதி ஒன்றுதான். மூட்டை கட்டும்போது நல்ல காயை மேலே பரப்பி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. ஏலத்தில் வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் சாம்பிள் எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் அதை மோந்து பார்த்து, உரித்துப் பார்த்து, கடித்துப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். அந்தச் சாம்பிள் பெரும்பாலும் மேலேயிருந்துதானே வரும்? ஒருநாள் எங்கள் முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே, "மேலாப்ல கொஞ்சம் எட்டப் பரப்பி விடேன்" என்றார். அக்கா கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து, அவர் காலடியிலேயே தலைகீழாகக் கவிழ்த்தார்.

"இப்பப் பரப்புங்க மொதலாளி. எது மேல எது கீழன்னு நீங்களே சொல்லுங்க."

முதலாளி செருப்புக்குள் புகுந்த ஏலக்காயை உதறிக்கொண்டே போய்விட்டார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்படிப்பட்ட அக்காவுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. பத்தாம் வகுப்போடு கல்யாணம் செய்து அனுப்பப்பட்டவர், பெரியவர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை நடத்துகிற ப்ளஸ் டூ வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"நாம மாசக்கணக்குல குனிஞ்சு நிமிந்து பண்ணுன சரக்குக்கு, எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டருக்கு முன்னால ஒக்காந்து ஒரு நிமிசத்துல வெலையச் சொல்லிட்டுப் போறான். எத வச்சுச் சொல்றான்? எனக்கு அது தெரிஞ்சாகணும். பொருளாதாரம்னு ஒரு படிப்பு இருக்காம்ல, அதுக்குள்ள போயிப் பாக்கணும்."

இரண்டு வருஷத்தில் ப்ளஸ் டூ பாஸ். அதற்கு அடுத்த வருஷம், கீழே சமவெளியில் ஒரு கல்லூரி, வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருகிற பெண்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. ஹாஸ்டல் இலவசம். நுழைவுத் தேர்வு உண்டு. வயது வரம்பு நாற்பத்தைந்து. அக்காவுக்கு அந்த வருஷம் சரியாக நாற்பத்தைந்து. அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பக்கத்தில் அந்தச் சின்னக் கட்டம் வரும்வரைக்கும்: 'கட்டுரைப் பகுதி எழுத விருப்பமா? ஆம் / இல்லை.'

எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். தமிழிலும் எழுதலாம். எழுதினால் அதையும் படித்துப் பார்ப்பார்கள். எழுதாவிட்டால் மற்ற மார்க்கை மட்டும் பார்ப்பார்கள். அவ்வளவுதான் போட்டிருந்தது. நன்றாக எழுதாவிட்டால் காலை வாருமா, எழுதாவிட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களா, ஒன்றும் தெரியாது.

உலகத்தையே ஒரு வீச்சில் தரம் பிரித்த மனுஷி, அந்தக் கட்டத்தின் முன்னால் பத்து நாள் தடுமாறினார். "எழுதச் சொன்னா எழுதப் போறேன், வேணாம்னா விடப் போறேன். விருப்பமான்னு கேட்டா என்னங்க அர்த்தம்? எங்க மாமியாவும் இப்புடித்தான். 'இஷ்டமிருந்தாச் சாப்புடு'ம்பாக. சாப்புட்டாலும் குத்தம், சாப்புடாட்டியும் குத்தம்."

ஸ்டோரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தட்டுக்கு முன்னால் காய் பொறுக்குகிற பெண்கள் எல்லாம் எழுது கட்சி. மேனேஜர் எழுதாதே கட்சி. "ஆவசியமில்லாத்த காரியம் எந்தினா சேச்சி?" என்று கையை விரித்தார். தேவையில்லாத வேலை எதற்கு என்பதுதான் அவருடைய வாழ்க்கைத் தத்துவமே. அக்காவின் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நான் அவரை மச்சான் என்பேன். மச்சானிடம் கேட்டதற்கு, "அவ சொல்றதுதான் என் முடிவு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஏறக்குறைய முப்பது வருஷக் குடித்தனத்தில் கற்ற பாடம் அது.

கடைசியில் அக்கா, "ஒண்ணு எழுதிப் பாப்பம்" என்று 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். வாங்கிப் படித்தேன். முதல் வாக்கியம் முக்கால் பக்கம். மலை, மேகம், ஜீப், செக்போஸ்ட், ஏலத் தோட்டம், அட்டைப்பூச்சி எல்லாம் அதற்குள் இருந்தது. அடுத்தது அரைப் பக்கம். அதற்கடுத்தது நாலு வரி. அப்படியே குறைந்துகொண்டே வந்து, கடைசியில், 'பனி கொட்டும். மழை வரும். குளிரும்.' முடிந்தது.

"என்னக்கா இது, தேய்ஞ்சுக்கிட்டே போகுது?"

"தேயல. பிரிச்சு வச்சிருக்கேன். ஒவ்வொரு வரியையும் துண்டுத் துண்டா வெட்டி, பெருச மேல, சிறுச கீழன்னு அடுக்குனேன். எல்லாம் கலந்து கெடந்தா எவன் வாங்குவான்?"

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகளில் அக்கா புலி. பழைய தாள்களை வைத்து நான் கேட்டால், முடிக்கும் முன்பே விடை வரும். சீட் கிடைப்பது நிச்சயம். இந்தத் தேய்கிற கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்களே! இருக்கிற ஒரே வாய்ப்பும் போய்விடுமே!

மறுநாள் வந்து அக்கா முடிவைச் சொன்னார்.

"எழுதுறேன் ரைட்டரே. சாம்பிள் இல்லாம சரக்க அனுப்புனா வாங்குறவன் என்ன நெனப்பான்? உள்ள ஏதோ கோளாறுன்னுதான் நெனப்பான். ஆமான்னு அமுக்குங்க."

நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'இல்லை' என்று அமுக்கி அனுப்பிவிட்டேன்.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் பத்து நாள் யோசித்து எடுத்த முடிவை நான் பத்து விநாடியில் மாற்றினேன்.

ஒரு வாரம் கழித்து அச்செடுத்த விண்ணப்பத்தை அக்காவிடம் கொடுத்தபோது, அவர் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்க்க மாட்டார் என்று எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை. ஒரு மூட்டைக் காயில் ஒரு கருங்காயைக் கண்டுபிடிக்கிற கண் அது. காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் மூட்டையக் கட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"அக்கா, ஒங்க நல்லதுக்குத்தான்..."

"பதினாறு வயசுலயும் இப்புடித்தான், என் நல்லதுக்குன்னு சொல்லித்தான் படிப்ப நிறுத்துனாக. அவுக பெத்தவுக. நீங்க யாரு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவே இல்லை. காகிதத்தை நாலாக மடித்து மேஜையில் வைத்துவிட்டுத் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் கை எதையும் வீசிப் பிடிக்கவில்லை.

கல்லூரியின் இணையதளத்தைத் துருவினேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ள ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். அது அன்றைக்கேதான். சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. "அக்கா, மாத்திரலாம்!" என்று கத்தினேன். மாற்ற வேண்டுமானால் போனுக்கு ஓ.டி.பி. வரும். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த நம்பர் மச்சானுடையது. மச்சான் கம்பத்துக்கு ஆள் இறக்கப் போயிருக்கிறார். நடுவில் உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் எந்தக் கம்பெனி டவரும் கிடையாது.

மேனேஜர்தான் அன்றைக்குக் கைகொடுத்தார். "எண்ட ஜீப் எடுத்தோ!" என்று சாவியைத் தூக்கிப் போட்டார். அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வழி முழுக்கச் சாலையைப் பார்த்தபடி வந்தார். கம்பம்மெட்டுச் செக்போஸ்ட்டில் நின்றோம். நாலே கால். மச்சானுக்கு லைன் கிடைக்கவில்லை. நாலரை. கிடைக்கவில்லை. கீழேயிருந்து வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் நான் நடுரோட்டில் நின்று மறித்தேன். போலீஸ்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் என்னோடு சேர்ந்து மறிக்க ஆரம்பித்தார். "பரீட்சையா? ஈ அம்மைக்கோ?" என்று அக்காவைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

நாலு ஐம்பதுக்கு மச்சான் பழைய பாட்டு ஒன்றைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஆனந்தமாக மேலே ஏறி வந்தார். போலீஸ்காரர் கையைக் காட்டியதும் அவருக்கு உயிரே போய்விட்டது. "எல்லா பேப்பரும் கரெட்டா இருக்கு சார்" என்று இறங்கி நின்றார். அக்கா அவர் சட்டைப் பையிலிருந்து போனை உருவினார். ஓ.டி.பி. வந்தது. எண்களை வாசித்தார். நான் என் போனில் அடித்தேன். அந்தச் சின்னக் கட்டம் வந்தது. போனை அப்படியே அக்காவிடம் நீட்டினேன்.

"நீங்களே அமுக்குங்கக்கா."

அவர் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு 'ஆம்' என்பதை அமுக்கினார். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருந்தது. என் கண்ணில் அப்போது ஏதோ தூசி விழுந்துவிட்டது. அந்த ரோட்டில் லாரிப் போக்குவரத்து ஜாஸ்தி.

தேர்வு நாளன்று கல்லூரி வாசலில் சோதனை செய்த காவலாளி, அக்காவின் பையில் இருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை உள்ளே விட மாட்டேன் என்றாராம். "வாயில போட்டுக்கிற ரெண்டு காய்யா, பிட்டா அடிக்கப் போறேன்?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது, "அந்தக் காவக்காரர் ஆறு எம்.எம். பாதிக் காயத் தின்னுட்டாரு" என்றார். கட்டுரையைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

சீட் கிடைத்துவிட்டது. முதலாளி ஸ்டோருக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். அக்கா ஒவ்வொரு லட்டையும் பார்த்தார், எதற்கும் கிரேடு போடவில்லை.

ஹாஸ்டலுக்குப் புறப்பட்ட காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நான் பெட்டி தூக்கிப் போனேன். மச்சான் டிக்கெட் விஷயமாகக் கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, கட்டுரைல என்னதான் எழுதுனீங்க?"

"ஒங்களத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"'நீங்கள் எடுத்த ஒரு முடிவு'ன்னு தலைப்புக் குடுத்திருந்தாங்க. கட்டத்தப் பத்தி எழுதுனேன். நீங்க சொல்லாமக் கொள்ளாம 'இல்ல'ன்னு அமுக்குனத எழுதுனேன். எங்க அய்யா படிப்ப நிறுத்துனத எழுதுனேன். அப்பறம் செக்போஸ்ட்டுல நீங்க நடுரோட்டுல நின்னு அழுதீகளே, அதையும் எழுதுனேன்."

"அது தூசிக்கா."

"ஆமா, ஆமா. தூசி."

"இந்தத் தடவையும் பெருச மேல, சிறுச கீழன்னு அடுக்கினீங்களா?"

"இல்ல. எதையும் பிரிக்கல. நல்லது கெட்டது எல்லாத்தையும் கலந்து, மூட்டைய அப்படியே கவுத்துட்டேன். சலிக்கிறது அவுக வேலதான, நான் எதுக்குப் பாக்கணும்?"

பஸ் ஹாரன் அடித்தது. அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"கடைசில ஒங்க கிரேடையும் போட்டுட்டேன். காஞ்சிருச்சு ரைட்டரே. சைஸ் ஆறுதான். ஆனா உள்ள அரிசி இருக்கு."

பஸ் போய்விட்டது. மச்சானும் நானும் ஒரே நேரத்தில் தூசி, தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்த இடத்தில் லாரியே வராது.

இப்போது அக்கா இரண்டாம் வருஷம் படிக்கிறார். ஹாஸ்டல் சாம்பார், வார்டன், பொருளாதாரப் பேராசிரியர் எல்லோருக்கும் கிரேடு போட்டாயிற்று. ஏலத்தில் விலை சொல்கிறவன் எதை வைத்துச் சொல்கிறான் என்று கேட்டால், "பாதி தெரிஞ்சிருச்சு, மீதி அவனுக்கே தெரியல" என்கிறார். நான் ஸ்டோரை விட்டுவிட்டு, இந்தப் பத்திரிகையில் வாராவாரம் நிஜமாகவே எழுதுகிற ரைட்டர் ஆகிவிட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஹாஸ்டலில் இதைப் படித்துவிட்டுப் போன் செய்வார். "இந்த வாரம் ஆறு", "இந்த வாரம் சப்ப, ஒண்ணுமே இல்ல" என்று வைத்துவிடுவார். எட்டு இதுவரை வாங்கியதில்லை.

இந்த வாரம் அவரைப் பற்றியே எழுதியிருக்கிறேன். நல்லதை மட்டும் மேலே பரப்பி வைக்கவில்லை. நான் செய்த தப்பும் உள்ளே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை சொல்வாரோ தெரியாது. எத்தனையாக இருந்தாலும் சரி, அந்தப் போன் வந்தால் போதும்.